உரிமை பேசும் அமைப்புகளுக்குள் மலையக ஆளுக்கு என்ன இடம்?

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலையகத் தமிழராகப் பிறந்து, இப்போது கொழும்பில் ஒரு மனித உரிமை அமைப்பில் கள உத்தியோகத்தராக இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் அமைப்பு இனவாதத்துக்கு எதிராக வேலை செய்கிறது. ஆனால் முடிவெடுக்கும் ஒன்பது பேரில் ஒருவர்கூட மலையகத்தவர் இல்லை. தோட்டங்களுக்குப் போகிற நாங்கள் நான்கு பேரும் மலையகத்தவர், நான்கு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். கூட்டத்தில் இதைக் கேட்டேன். 'இனவாதம் அரசாங்கத்திடம் இருக்கிறது, எங்களுக்குள்ளே பிரிவினை கொண்டுவராதீர்கள்' என்றார்கள். இது எனக்கு இரட்டை வேடமாகப் படுகிறது. நான்தான் தேவையில்லாமல் மனம் நோகிறேனா அக்கா? வேலையை விட்டுவிடலாமா?"

இல்லை தங்கச்சி, நீங்கள் தேவையில்லாமல் நோகவில்லை. நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்பதில் ஒருவரும் இல்லை, நான்கில் நால்வரும். ஹட்டன், பண்டாரவளை, கொழும்பு என்று இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருந்தவள் நான். அங்கே இருப்பவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று யோசித்து யோசித்தே பல வருடங்களை வீணாக்கினேன். தீர்மானம் எந்த அறையில், எந்த மொழியில், யார் கையெழுத்தில் எடுக்கப்படுகிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 2000களின் தொடக்கம். கொழும்பில் ஒரு அமைப்பின் பணிப்பாளர் வீட்டில் கூட்டம். பேச வேண்டிய விஷயம் பெருந்தோட்டப் பிள்ளைகளின் கல்வி உரிமை. நான் மஸ்கெலியாவில் எடுத்த தகவல்களை வாசித்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தது. கோப்பையை வைக்கும்போது, "அக்கா எந்தத் தோட்டம்?" என்று மெதுவாகக் கேட்டது. சொன்னேன். அதற்குப் பொகவந்தலாவைப் பக்கமாம். அன்று வியாழக்கிழமை, பள்ளிக்கூட நாள். நான் அந்தக் கூட்டத்தில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தகவல்களை வாசித்து முடித்தேன், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பணிப்பாளர் போலி ஆள் இல்லை. 88, 89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரோடு தெருவில் நின்றவர். அதற்காக மிரட்டல்களை வாங்கியவர். அவருடைய தைரியத்தில் பாதி எனக்கு இல்லை. அப்படிப்பட்டவர் வீட்டுச் சமையலறையில் ஒரு மலையகப் பிள்ளை நிற்பது அவர் கண்ணுக்கே படவில்லை. எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். தோட்டத்துப் பிள்ளை வேலைக்கு நிற்பது அந்த வீடுகளில் ஒரு கேள்வியாகவே எழாது. உங்களுடைய ஒன்பது பேருக்கும் நீங்கள் நான்கு பேர் படியேறிப் போவது அப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தெரிந்துகொண்டால் உங்களை நீங்களே சந்தேகப்படுவது குறையும்.

ஏ. ஈ. குணசிங்கவின் பெயரைத் தொழிற்சங்க வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். 1923இல் கொழும்பில் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர். 1929 டிராம் வேலைநிறுத்தமும் அவருடையதுதான். அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்கப் பிரிட்டிஷார் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது இலங்கைத் தேசிய காங்கிரஸ்காரர்கள் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் வாக்குரிமை போதும் என்று நின்றார்கள். எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டவர் குணசிங்க. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அவருடைய சங்கத்தில் உப தலைவராக இருந்தார். துறைமுகத்தில் சிங்களவர், தமிழர், மலையாளிகள் எல்லோரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அப்புறம் பொருளாதார மந்தம் வந்தது, வேலை குறைந்தது. எல்லோருக்கும் வாக்குக் கேட்ட அதே குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு, அதிலும் மலையாளிகளுக்கு எதிராகக் கடுமையாகப் பிரசாரம் செய்யத் தொடங்கினார். நடேசய்யர் அதற்கு முன்பே அவரை விட்டு விலகி, 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சம்மேளனம் அமைத்தார். தோட்டத்துக்குள் வெளியாள் கால்வைக்க முடியாத அந்தக் காலத்தில் அவரும் மனைவி மீனாட்சி அம்மாளும் துண்டுப்பிரசுரம், பாட்டு, கூட்டம் என்று மலைநாடு முழுக்க அலைந்தார்கள்.

குணசிங்க 1923இல் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அன்று கேட்டது உண்மையான உரிமைதான். ஆனால் அந்த உரிமைக்கு விலை கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது, சங்கத்துக்குள் ஆகக் குறைந்த பலம் உள்ளவனை அவர் வெளியே தள்ளினார். எத்தனையோ அமைப்புகளில் நான் பார்த்தது இதே மாதிரித்தான்.

அடுத்தது 1948. இதை நம் ஆட்களே பல நேரம் பிழையாகச் சொல்கிறார்கள், ஆகவே கவனமாகச் சொல்கிறேன். 1947 தேர்தலில் நம் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி ஆசனம் வேண்டும் என்று ஐம்பதுக்கு ஐம்பது கேட்டவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை அவர் எதிர்த்துத்தான் வாக்களித்தார். சில வாரங்களில் அமைச்சரானார். அதன் பிறகு, கடும் நிபந்தனைகளோடு மட்டும் நமக்குப் பிரஜாவுரிமை தர வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாகக் கைதூக்கினார். அவருடைய கட்சியில் இருந்த செல்வநாயகம் இந்த விஷயத்தில் அவரோடு முரண்பட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆக, 'வடக்குத் தமிழர் எல்லோரும் நம்மை விற்றுவிட்டார்கள்' என்பதும் சரியில்லை, 'தமிழர் எல்லோரும் ஒன்று' என்பதும் சரியில்லை. 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் நம் பெயர்கள் போயின. 1952இல் மலையகத்தின் குரலாக ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இடதுசாரிகள் 1948இல் அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள், அதற்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். முல்லோயாத் தோட்டத்தில் 1940இல் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டபோது போராட்டத்தில் நின்றதும் சமசமாஜக் கட்சியின் சங்கம்தான். ஆனால் 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அதே கட்சி அரசாங்கத்தில் அமர்ந்திருந்தது. நாடற்ற நம் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தாத்தாவின் தங்கை மண்டபம் முகாமுக்குப் போய், அங்கிருந்து நீலகிரிக்குப் போனவர். அவருடைய கடிதங்கள் எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காந்தீயம் அமைப்பை நடத்திய டாக்டர் ராஜசுந்தரம் அந்தக் குடும்பங்களைக் குடியமர்த்தப் பாடுபட்டார். அதற்காகச் சிறை போனார். 1983 ஜூலையில் வெலிக்கடையில் கொல்லப்பட்டார். அப்படியும் ஆட்கள் இருந்தார்கள், அதை மறக்கக் கூடாது. அதே மண்ணில், அதே வருடங்களில், வயலில் கூலிக்கு நின்ற நம் சனத்தைத் 'தோட்டக்காட்டார்' என்று கூப்பிட்டார்கள். சிங்களவர்கள் சிலர் 'கள்ளத்தோணி' என்றார்கள், தமிழர்கள் சிலர் 'தோட்டக்காட்டான்' என்றார்கள். வன்னியில் நான் சந்தித்த ஒரு பெரியவர், "அங்கே தமிழன் என்று அடித்தான், இங்கே வந்தால் நீ எங்கட தமிழன் இல்லை என்கிறான்" என்றார். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே வருடத்தில் நடந்தது.

சரி, இன்றைய அமைப்புகளுக்கு வருவோம். உங்களுடைய ஒன்பது பேரில் தமிழர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இரண்டோ மூன்றோ. நீங்கள் கேட்கும்போது, "தமிழ்ப் பிரதிநிதித்துவம் இருக்கிறதே" என்று அவர்களைக் காட்டுவார்கள். நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள். தமிழருக்கான நாற்காலி ஒன்று, அதில் யாழ்ப்பாணத்தவரோ கொழும்புத் தமிழரோ இருப்பார். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் அது சிறுபான்மைப் பங்களிப்பு என்று பதிவாகும். மலையகம் அந்தக் கணக்குக்குள் கரைந்துவிடும்.

நுவரெலியாவில் ஒரு முறை பாகுபாட்டுக்கு எதிரான இரண்டு நாள் செயலமர்வு. சாப்பாட்டு மேசையில் மூத்த அதிகாரி ஒருவர், நல்ல அன்போடுதான், என்னிடம் சொன்னார்: "உங்கட ஆக்களுக்கு இன்னும் கொஞ்சம் படிப்பு வரவேணும் பிள்ளை. அதுக்குப் பிறகு பொறுப்புக் குடுக்கலாம்." நான் தலையாட்டிவிட்டேன். அன்று எனக்குப் பதில் வரவில்லை, இன்று சொல்கிறேன். இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது. முப்பது வருடம், அதாவது ஒரு தலைமுறை முழுதாக, ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு கொட்டிலில் படித்தது. பிரதேச சபைக்கு வாக்குப் போட்டோம், ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தச் சபை தோட்டத்துக்குள் ஒரு பாதைகூடப் போட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அரசாங்கம் நம்மை வெளியே வைத்ததால் வந்த பள்ளம் இது. அதை எதிர்த்து அறிக்கை எழுதும் அமைப்பே, அந்தப் பள்ளத்தைக் காரணம் காட்டி நம்மை வெளியே வைக்கிறது. 'இரட்டை வேடம்' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இந்த இடத்தில் அந்தச் சொல் பொருந்துகிறது.

தகுதி என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஆங்கிலம். நீங்கள் பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் பேசுகிறீர்கள். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நம் தமிழில் பேசுகிறீர்கள். தோட்டத்து ஆபீசில் துரையிடம், அதாவது முகாமையாளரிடம், அவருக்கு விளங்குகிற மாதிரிப் பேசுகிறீர்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் போனால்தான் ஆட்களைப் பிடிக்கலாம், சம்பள நாளன்று போனால் பேச மாட்டார்கள், தலைவரிடம் சொல்லாமல் மாதர் தலைவியிடம் போனால் பிரச்சினை வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இதை எந்தப் பட்டப்படிப்பும் தராது. ஆனால் சம்பள அட்டவணையில் இதற்கு ஒரு நிரல் இல்லை. நீங்கள் எடுத்துக் கொடுக்கும் வாக்குமூலங்கள் ஆங்கில அறிக்கையாகும்போது எழுதியவர் பெயரில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அட்டையில் கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மாவின் படம் இருக்கும், அவருடைய பெயர் எங்கும் இருக்காது. எங்கள் பழைய அமைப்பின் அறிக்கை ஒன்றை அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைத் தடவிப் பார்த்தார். "கவ்வாத்து மலையில நிக்கிறப்ப எடுத்ததா? தலைய சீவிட்டு வந்திருப்பேனே" என்றார்.

நம் வீட்டுக்குள் இருப்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்தப் பணிப்பாளரைப் போலத்தான். மலையகத் தொழிற்சங்கங்களில் சந்தா கட்டுவோரில் பாதிக்கு மேல் பெண்கள். மேடையில் யார் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல்தான் வந்தது. அதுவரை ஒரே மலையில் கூடுதல் கொழுந்து பறித்த பெண்ணுக்குக் குறைந்த பெயர்க்காசு, அதாவது நாள் சம்பளம், அதுவும் சங்கங்கள் எல்லாம் இருக்கும்போதே. அப்புறம் சாதி. தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கங்காணிமார் அதிகமும் குடியான சாதிகளிலிருந்து வந்தார்கள். சங்கத் தலைமையும் கோயில் கமிட்டியும் நீண்டகாலம் அந்த வழியிலேயே போயின. நான் குடியானவர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் பணிய லயத்து, அதாவது ஒடுக்கப்பட்ட சாதி, ஆட்களுக்கென்று வாசலில் தனிக் கோப்பை இருந்தது. சமத்துவம் பற்றி வகுப்பெடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்து மூன்று வருடத்துக்குப் பிறகும் அது அங்கேயே இருந்தது. ஒரு நாள் எனக்குக் கீழே வேலை செய்த பெண் வீட்டுக்கு வந்தபோது அம்மா அந்தக் கோப்பையை எடுக்கப் போனார். அப்போதுதான் நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். கொழும்பில் எனக்குச் செய்யப்பட்டதை நான் என் வாசலில் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. உங்கள் நான்கு பேருக்குள்ளும் இந்தக் கேள்வி இருக்கும். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு இடங்களிலும் இதே கதைதான். 1932இல் காந்தி தொடங்கிய ஹரிஜன் சேவா சங்கத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் கையில் நிர்வாகம் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. தீண்டாமை சாதி இந்துக்கள் செய்த பாவம், பரிகாரமும் அவர்களே செய்ய வேண்டும், ஆகவே நிர்வாகமும் அவர்கள் கையில்தான் என்பது காந்தியின் வாதம். தலைவர், சாதி இந்துவான தொழிலதிபர் ஜீ. டி. பிர்லா. அம்பேத்கர் விலகினார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கிய தேசிய சங்கத்தின் (NAACP) முதல் தலைவர் ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞர். முதல் நிர்வாகிகளில் கறுப்பினத்தவர் டு போய்ஸ் மட்டும்தான். செயலாளர் பதவிக்கு முதல் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் வருவதற்குப் பதினொரு வருடம் பிடித்தது. அந்தச் சங்கம் பிரயோசனமில்லாத சங்கமா? இல்லை, பெரிய வேலைகளைச் செய்தது. உள்ளே இருந்தவர்கள் விடாமல் கேட்டதால் அது மாறியது. ஆகவே உங்கள் அமைப்பின் வேலை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 'பிரிக்காதீர்கள்' என்று உங்களிடம் சொன்னார்களே, அது மட்டும் பொய். ஒன்பது பேர் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமும் இருப்பது நீங்கள் கேட்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

இப்போது என்ன செய்யலாம்?

வேலையை விடாதீர்கள், இப்போதைக்காவது. நான் ஒரு முறை கோபத்தில் விட்டேன். அடுத்த மாதமே என் இடத்துக்கு இன்னொரு மலையகப் பெண்ணை, என்னைவிடக் குறைந்த சம்பளத்தில் எடுத்தார்கள். நான் சொன்ன எதுவும் எந்த ஏட்டிலும் இல்லை.

நான்கு பேரும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். மனம் நொந்ததைப் பற்றி எழுத வேண்டாம், "அப்படி யாரும் நினைக்கவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள்: கடந்த ஐந்து வருடத்தில் மலையகம் பற்றிய திட்டங்களுக்கு வந்த நிதியில் எத்தனை வீதம் மலையகத்தில் செலவானது, நிரந்தரப் பதவிகளில் மலையகத்தவர் எத்தனை பேர், ஒரு கள உத்தியோகத்தர் இணைப்பாளராக உயர என்ன வழி. கூட்ட அறிக்கைகள் தமிழிலும் வேண்டும் என்று கேளுங்கள். 13ஆம் திருத்தத்தோடு தமிழ் அரச கரும மொழியானது 1987இல். அதை அரசாங்கம் நடைமுறைப்படுத்தவில்லை என்று உங்கள் அமைப்பே எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தைக் கடிதத்தோடு இணையுங்கள்.

இரண்டு பதில்கள் வரும், தயாராக இருங்கள். ஒன்று, 'உங்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி தருகிறோம்'. பயிற்சிக்குப் போங்கள், ஆனால் முடிந்த பிறகு எந்தப் பதவி என்று முதலில் எழுதி வாங்குங்கள். நான் ஆறு பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், ஆறும் முடிந்து நான் அதே மேசைக்குத்தான் திரும்பினேன். மற்றது, 'மலையக ஆலோசனைக் குழு அமைக்கிறோம்'. வாக்கு இல்லாத குழுவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒன்பது பேர் இருக்கும் ஆளுநர் சபையில் இரண்டு இடம் கேளுங்கள். ஒன்று மட்டும் கிடைத்தால் அந்த ஒருவர் தனித்துப்போவார், முழு மலையகத்தையும் அவர் தலையில் கட்டிவிடுவார்கள். இரண்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்த பெண்ணாக இருக்கட்டும்.

நன்கொடையாளரோடு செய்த ஒப்பந்தத்தில் முறைப்பாட்டுக்கு ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதை முதலிலேயே எடுக்க வேண்டாம். கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லாவிட்டால் எடுங்கள். உங்கள் ஒப்பந்தம், நீங்கள் எழுதிய கள அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், ஆனால் சனங்களின் வாக்குமூலங்களை வெளியே கொண்டுபோக வேண்டாம். அவை அவர்களுடையவை.

உங்களோடு நிற்கக்கூடிய ஒருவர் அந்த ஒன்பது பேருக்குள் இருப்பார், தேடுங்கள். 2023இல், மலையகத்துக்கு நாம் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் நானும் சில நாள் நடந்தேன். முழங்கால் வலியில் நான் உட்கார்ந்தபோது என் பையை வாங்கிச் சுமந்தவர் ஒரு சிங்கள ஆசிரியை. வழி முழுக்க என்னிடம் கேள்விதான் கேட்டார், தனக்குத் தெரிந்ததை ஒரு முறைகூட எனக்கு விளக்கவில்லை. அப்படிப்பட்டவரை உங்களுக்கு அடையாளம் தெரியும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்பை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும். நான்கு பேரும் கையெழுத்து வைப்பதற்கு முன் வரைவை எனக்கு அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்த்துத் தருகிறேன்.